நாலாயிரம் என்னும் எண்: திருவரங்க மரபில் பெயரெண்ணும் கணக்கெண்ணும்

ஆய்வுச் சுருக்கம்

ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பு ‘நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம்’ என வழங்கப்படுகிறது. திருமங்கையாழ்வாரின் மடல்கள் இரண்டையும் தனித்தனி ஒரு பாட்டாகக் கொண்டு எண்ணினால் ஆழ்வார் பாசுரங்கள் 3776 மட்டுமே. இத்தொகை 4000 ஆவதற்கு வைணவ மரபு இரு வேறு கணக்குகளைக் கொண்டுள்ளது. இரண்டும் வெவ்வேறு அலகுகளைக் கையாள்கின்றன. வெவ்வேறு நூல்களை உட்கொள்கின்றன. ஆயினும் ஒரே தொகையைத் தருகின்றன. இவ்விரு கணக்குகளின் எண்ணியல் அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. 4000 என்பது எண்ணிக் கண்டடைந்த தொகையாக மட்டும் நில்லாது, அலகைத் தீர்மானிக்கும் வரம்பாகவும் செயற்பட்டது என்பதும், தொகையை மட்டும் கொண்டு தொகுப்பின் உள்ளடக்கத்தை முடிவு செய்தல் இயலாது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நாலாயிரம், திருவரங்கம், திருமடல், கண்ணி, இராமானுச நூற்றந்தாதி, திருவாய்மொழி, எண்ணலகு.

1. முன்னுரை

தமிழில் பேரெண்கள் இருவகையாக வழங்குகின்றன. ஒன்று, பொருள்களை ஒன்று, இரண்டு என எண்ணிப் பெறும் எண். மற்றொன்று, மிகுதியையோ நிறைவையோ குறிக்கும் பெயராக அமையும் எண். முன்னதைக் கணக்கெண் என்றும் பின்னதைப் பெயரெண் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியை விரிவாகக் கூறுவதோடு, ஐ, அம், பல் என முடியும் பேரெண்களுக்கும் விதி வகுக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரையாசிரியர்கள் இவற்றிற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். பூவின் பெயரும் நீர்ப்பெருக்கின் பெயரும் எண்ணுப்பெயர்களாக அமைந்தமை, எண்ணும் அளவிறந்த தன்மையும் தமிழ் வழக்கில் அடுத்தடுத்து நின்றமையைக் காட்டுகிறது.

இவ்விருமையை ஒரே ஊரில் கல்லிலும் சொல்லிலும் காண்பதற்குத் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் இடமளிக்கிறது. திருவரங்கக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இன்று எண்ணப்படும் தூண்கள் 953. அம்மண்டபத்தில் இராப்பத்து நாள்களில் ஓதப்படும் திருவாய்மொழி, தன்னை ‘ஆயிரம்’ என்றே கூறிக்கொள்கிறது. அதன் பாசுரங்கள் 1102. ஓர் ஆயிரம் குறைகிறது. மற்றோர் ஆயிரம் மிகுகிறது. திருவாய்மொழியை உள்ளடக்கிய முழுத் தொகுப்பாகிய நாலாயிரமோ, கூட்டிப் பார்க்கும்போது மிகையும் குறையும் இன்றி 4000 ஆகவே நிற்கிறது. இத்துல்லியம் எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. தொகுப்பின் உறுப்புகளும் அவற்றின் எண்களும்

பதிப்புகளில் பெரிதும் ஏற்கப்பட்டுள்ள பாசுர எண்கள் பின்வருமாறு அமைகின்றன.

முதலாயிரம்: திருப்பல்லாண்டு 12, பெரியாழ்வார் திருமொழி 461, திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, பெருமாள் திருமொழி 105, திருச்சந்த விருத்தம் 120, திருமாலை 45, திருப்பள்ளியெழுச்சி 10, அமலனாதிபிரான் 10, கண்ணிநுண் சிறுத்தாம்பு 11. கூடுதல் 947.

இரண்டாம் ஆயிரம்: பெரிய திருமொழி 1084, திருக்குறுந்தாண்டகம் 20, திருநெடுந்தாண்டகம் 30. கூடுதல் 1134.

மூன்றாம் ஆயிரமாகிய இயற்பா: முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் ஒவ்வொன்றும் 100, நான்முகன் திருவந்தாதி 96, திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87, திருவெழுகூற்றிருக்கை 1. இவற்றின் கூடுதல் 591. இவற்றோடு சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகியவை சேரும். இராமானுச நூற்றந்தாதியின் 108 பாடல்களும் இப்பகுதியோடு சேர்த்து ஓதப்பெறும்.

நான்காம் ஆயிரம்: திருவாய்மொழி 1102.

மடல்களையும் நூற்றந்தாதியையும் ஒதுக்கிவிட்டால் 947, 1134, 591, 1102 ஆகியவற்றின் கூடுதல் 3774. இந்த 3774 பாசுரங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கணக்குகள் அனைத்திற்கும் பொதுவானவை. மடல் ஒவ்வொன்றையும் ஒரு பாட்டு எனக் கொண்டால் ஆழ்வார் பாசுரத் தொகை 3776. யாப்பு நோக்கில் இதுவே எளிய கணக்கு. ஏனெனில் மடல் ஒவ்வொன்றும் முதலிலிருந்து இறுதிவரை தொடர்ந்து செல்லும் ஒரே கலிவெண்பா. ஆனால், 4000 என்னும் தொகைக்கு இதில் 224 குறைகிறது. ஆகவே, ‘நாலாயிரம்’ என்னும் பெயர் கணக்கெண்ணாக நிற்பதும் பெயரெண்ணாக நின்றுவிடுவதும் எஞ்சிய சிறு பகுதியை எவ்வாறு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தவை.

3. இரு கணக்குகள்

3774 பாசுரங்களுக்கு மேல் 226 சேர்ந்தால் 4000 நிறைவுறும். இந்த 226ஐ மரபு இரு வழிகளில் பெறுகிறது.

முதற் கணக்கு வேதாந்த தேசிகரின் (1268–1369) பிரபந்தசாரத்தில் காணப்படுவது. ஆழ்வார்களின் அவதார நாளையும் ஊரையும் நூல்களையும் பாட்டுத் தொகையையும் கூறும் இத்தமிழ் நூல் சிறிய திருமடலை 40 பாட்டாகவும் பெரிய திருமடலை 78 பாட்டாகவும் கொள்கிறது; இராமானுச நூற்றந்தாதியின் 108 பாடல்களையும் தொகையில் சேர்க்கிறது. 40, 78, 108 ஆகியவற்றின் கூடுதல் 226.

இரண்டாம் கணக்கு மடல்களைக் கண்ணிகளாக எண்ணுவது. இரண்டு அடி கொண்டது ஒரு கண்ணி. இக்கணக்கின்படி சிறிய திருமடல் 77½ கண்ணி. பெரிய திருமடல் 148½ கண்ணி. இவ்விரண்டின் கூடுதலும் 226. இங்கு இராமானுச நூற்றந்தாதி தொகையில் சேர்வதில்லை. அது நாலாயிரத்தின் புறத்தே, அதனோடு ஒத்த மதிப்புடையதாக வைத்து ஓதப்பெறுகிறது.

இரு கணக்குகளும் 4000 என முடிந்தாலும் அவை குறிக்கும் தொகுப்பு ஒன்றன்று. முதற் கணக்கின் நாலாயிரத்தில் திருவரங்கத்தமுதனார் இடம்பெறுகிறார். இரண்டாம் கணக்கின் நாலாயிரத்தில் அவர் இடம்பெறவில்லை. கண்ணி அலகால் மடல்கள் பெறும் 226க்கும், பாட்டு அலகால் அவை பெறும் 118க்கும் உள்ள வேறுபாடு 108. நூற்றந்தாதியின் பாடல் தொகையும் அதுவே. ஓர் அலகை மாற்றினால் ஒரு முழு நூல் உள்ளே வரவும் வெளியே செல்லவும் இடமுண்டு, தொகையோ அசைவதில்லை.

4. துல்லியம் தங்கியுள்ள இடங்கள்

இரு கணக்குகளையும் நுணுகி நோக்கினால், ஒவ்வொன்றிலும் துல்லியம் ஒரு சிறு முடிவைச் சார்ந்திருப்பது புலனாகும்.

கண்ணிக் கணக்கை முதலில் காணலாம். 77½ கண்ணி என்பது 155 அடி. 148½ கண்ணி என்பது 297 அடி. இரண்டும் ஒற்றைப்படை எண்கள். ஆகவே, எந்த மடலும் தனித்து நின்று முழு எண்ணான கண்ணிகளைத் தருவதில்லை. இரண்டையும் சேர்க்கும்போது 452 அடிகள் கிடைக்கின்றன. இரட்டைப்படையாகிய இது 226 முழுக் கண்ணிகளாகிறது. ஆனால், இத்தொகை ஒரு மடலின் இறுதியில் எஞ்சும் அரைக் கண்ணியையும் மற்றதன் அரைக் கண்ணியையும் ஒன்றாகக் கூட்டியதால் வந்தது. அரைக் கண்ணியை ஒரு தனி எண்ணாகக் கொண்டிருந்தால் 78, 149 எனக் கூடுதல் 227 ஆகித் தொகுப்பு 4001 ஆகியிருக்கும். அரைகளை விட்டிருந்தால் 77, 148 எனக் கூடுதல் 225 ஆகித் தொகுப்பு 3999ஆக நின்றிருக்கும். அரையை அரையாகவே வைத்துக்கொண்டதனால் மட்டுமே 4000 கிடைக்கிறது.

பாட்டுக் கணக்கிலும் இத்தகைய நிலை உண்டு. வெண்பாவின் இயல்பான அளவாகிய நான்கடியை அலகாகக் கொண்டு 155 அடிகளை வகுத்தால் முப்பத்தெட்டு முழுப் பகுதிகளும் மூன்று அடிகளும் எஞ்சும். எஞ்சியதையும் ஒன்றாக எண்ணினால் 39. அவ்வாறே 297 அடிகளை வகுத்தால் எழுபத்து நான்கு முழுப் பகுதிகளும் ஓரடியும். எஞ்சியதையும் சேர்த்தால் 75. இரண்டும் கூடி 114 ஆகும். இவற்றோடு நூற்றந்தாதியின் 108ஐயும் 3774ஐயும் கூட்டினால் 3996 மட்டுமே வரும், நான்கு குறையும். 40, 78 என்னும் எண்கள் சீரான அடிவகுப்பால் வந்தவை அல்ல என்பது இதனால் தெளிவு. பொருள் முடிவையோ ஓதும்போது நிறுத்தும் இடங்களையோ ஒட்டி அவை வகுக்கப்பட்டிருத்தல் கூடும். எவ்வாறாயினும், அடிகளை இயந்திர கதியில் எண்ணுவோர் 118ஐ எட்டார்.

இவ்விரு அவதானிப்புகளையும் சேர்த்து நோக்குகையில் ஒரு முடிவு பெறப்படுகிறது. எண்ணுவோர் முன் 4000 என்னும் வரம்பு முன்னரே இருந்தது. அலகு அவ்வரம்பிற்கு இயையத் தெரிந்துகொள்ளப்பட்டது. இதனைக் கணக்கைத் திரித்தல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இரு கணக்குகளும் தம் அலகுகளை வெளிப்படையாகக் கூறுகின்றன. ஒரு பாசுரத்தையும் நீக்கவில்லை. புதிதாக ஒன்றையும் புனையவில்லை. எதனை ஒன்று என எண்ணுவது என்னும் உரிமையை மட்டுமே அவை பயன்படுத்துகின்றன. அவ்வுரிமையும் ஒரே சீராகச் செலுத்தப்படவில்லை. நெடிய ஆசிரியப்பாவாகிய திருவெழுகூற்றிருக்கை எக்கணக்கிலும் ஒரே பாட்டு. நீளம் காரணமாக மடல் பிரிக்கப்பட்டது எனின், இதனையும் பிரித்திருத்தல் வேண்டும். அது நிகழாமை, பிரிப்பிற்குத் தொகையின் தேவையும் ஒரு காரணம் என்னும் கருத்தை வலுப்படுத்துகிறது.

5. 4000 என்னும் எண்ணின் பண்புகள்

இவ்வெண் வரம்பாக நிற்பதற்குரிய தகுதியை அதன் காரணிகளில் காணலாம். 4000 என்பது ஐந்து இரண்டுகளும் மூன்று ஐந்துகளும் பெருகிய எண். அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 24. அவற்றுள் 4, 10, 40, 100, 400, 1000 ஆகியவை அடங்கும். நான்கு வேதங்களுக்கு இணையாக நான்கு ஆயிரங்கள், ஆயிரத்திற்கு நூறு பத்துகள் எனப் பகுத்துக் காண இவ்வெண் இயல்பாகவே இடமளிக்கிறது. 3776 என்பது ஆறு இரண்டுகளும் 59 என்னும் பகா எண்ணும் பெருகியது. ஐந்தாலோ பத்தாலோ அது வகுபடாது. மடல்களை 40, 78 எனப் பிரித்து நூற்றந்தாதியை விட்டால் வரும் 3892 என்பதும் பத்தால் வகுபடாது. பதின்ம அடுக்கில் அமைந்த ஓதுமுறைக்கு இவை பெயராக நிற்க இயலாதவை.

ஆயினும், நான்கு ஆயிரங்களில் ஒன்றேனும் ஆயிரம் பாசுரம் உடையதன்று. தேசிகர் கணக்கின்படி அவை முறையே 947, 1134, 817, 1102. ஆயிரத்திலிருந்து இவை விலகும் அளவுகள் முறையே 53 குறைவு, 134 மிகுதி, 183 குறைவு, 102 மிகுதி. குறைவுகளின் கூடுதல் 236. மிகுதிகளின் கூடுதலும் 236. தனித்தனியே ஆயிரம் என்பது பெயரெண். தொகையில் நாலாயிரம் என்பது கணக்கெண். உறுப்புகளில் நெகிழ்வையும் முழுமையில் இறுக்கத்தையும் மரபு ஒருங்கே வைத்திருக்கிறது.

நான்காம் ஆயிரமாகிய திருவாய்மொழியில் இந்நெகிழ்விற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அது பத்துப் பத்துகளும், பத்துக்குப் பத்துத் திருவாய்மொழிகளுமாக நூறு பதிகங்களைக் கொண்டது. அவற்றுள் தொண்ணூற்றொன்பது, பதினொரு பாசுரம் கொண்டவை. திருமாலின் பன்னிரு திருநாமங்களை முறையே பாடும் இரண்டாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி மட்டும் பதின்மூன்று பாசுரம் உடையது. 99 × 11 = 1089; அதனோடு 13 சேர 1102. பதிகந்தோறும் இறுதியில் நிற்கும் பயன் கூறும் பாசுரம் ஒன்றை நீக்கினால் 1002 எஞ்சும். பன்னிரு நாமங்களால் வந்த இரண்டையும் நீக்கினால் சரியாக 1000. ஆகவே, திருவாய்மொழி தன்னை ஆயிரம் என்றது மிகுதி குறித்த சொல் மட்டுமன்று. நூறு பத்து என்னும் கட்டமைப்பைச் சுட்டும் சொல்லுமாகும். திருவரங்கத்தில் இராப்பத்தின் பத்து இரவுகளுக்கு நாளொரு பத்தாக இது ஓதப்படும்போது, ஒன்பது நாள்களுக்குரியவை 110 பாசுரங்களும் இரண்டாம் நாளுக்குரியவை 112 பாசுரங்களும் ஆகும்.

6. எண் காவலாக நின்றமை

தன் தொகையைத் தானே கூறும் நூலுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. ஒரு பகுதி மட்டும் கிடைத்தாலும் கிடைக்காத பகுதி எவ்வளவு என்பதை அது அறிவிக்கும். நாதமுனிகள் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இதற்கு ஏற்ற சான்று. காட்டுமன்னார்கோயிலில் வந்து ஓதிய அடியார்களிடம் குடந்தைத் திருமாலைப் பாடிய திருவாய்மொழிப் பதிகத்தை அவர் கேட்டார். அது ஆயிரத்துள் ஒரு பத்து என அதன் இறுதிப் பாசுரம் தெரிவித்தது. எஞ்சியவற்றை வினவியபோது ஓதியவர் அறிந்திலர். நாதமுனிகள் திருக்குருகூர் சென்று கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னிராயிரம் முறை ஓதி நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு. பதினொரு பாசுரங்களைப் பன்னிராயிரம் முறை ஓதுதல் 1,32,000 பாசுரங்களை ஓதுதலாகும். இவ்வரலாற்றை எவ்வாறு மதிப்பிட்டாலும், அதன் உள்ளமைந்த தருக்கம் எண்ணைச் சார்ந்தது. ‘பத்து’ என்பதும் ‘ஆயிரம்’ என்பதும் பதிகத்தில் பதிவாகாதிருந்தால் இழப்பு இருந்தது என்பதே அறியப்பட்டிராது.

திருவாய்மொழி முழுவதும் அந்தாதியாக அமைந்து, தொடக்கமும் முடிவும் ‘உயர்’ என்னும் ஒரே சொல்லடியால் இணைவதும் இத்தகைய காவலே. இடையில் ஒரு பாசுரம் விடுபட்டால் தொடை அறும். ஒன்று நுழைக்கப்பட்டாலும் தொடை இடறும். அந்தாதி வரிசையைக் காக்கிறது. எண் தொகையைக் காக்கிறது. ஓலையிலும் நினைவிலும் வாழ்ந்த இலக்கியத்திற்கு இவ்விரண்டும் தேவைப்பட்டன.

தொகையாகிய 4000ஐயும் இந்நோக்கில் புரிந்துகொள்ளலாம். வட்ட எண் என்பதால் அது நினைவில் எளிதில் நிற்கும். நினைவில் நின்றதனால் தொகுப்பின் எல்லையை அடைத்தது. நாதமுனிகள் காலம் கி.பி. 9–10ஆம் நூற்றாண்டு எனவும், இராமானுசர் காலம் 1017–1137 எனவும் கொள்ளப்படுகின்றன. ஆகவே, நாதமுனிகள் தொகுத்ததாகச் சொல்லப்படும் நாலாயிரத்தில் இராமானுச நூற்றந்தாதி இருந்திருத்தல் இயலாது. கண்ணிக் கணக்கு அக்காலத்தே வழங்கியது எனக் கொள்ளலாம். அல்லது நாலாயிரம் என்பது அப்போது பெயரெண்ணாகவே இருந்து, பின்னர்க் கணக்கெண்ணாக உறுதிப்படுத்தப்பட்டது எனக் கொள்ளலாம். தொகை மட்டும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது. 226 என்னும் கூடுதலை எத்தனையோ வகையில் பகுக்கலாம். கூடுதல் தன் பகுதிகளைக் காட்டிக்கொடுப்பதில்லை. ‘நாலாயிரம்’ என்னும் சொல் ஓரிடத்தில் காணப்படுவதைக் கொண்டே அவ்விடத்தில் நூற்றந்தாதி சேர்ந்திருந்தது என்றோ சேரவில்லை என்றோ காலம் கணிப்பது ஏற்புடைய முறையாகாது.

7. தற்செயல் ஒற்றுமைகளும் எல்லையும்

எண்களை ஆராய்வோர் முன் ஓர் இடர் எப்போதும் உண்டு. தேடினால் ஒற்றுமை எங்கும் கிடைக்கும். திருவரங்கத்தை ஆழ்வார்கள் பாடிய பாசுரங்கள் 247 என்பர். தமிழ் எழுத்துகளின் தொகையும் 247. ஆயிரங்கால் மண்டபத் தூண்கள் 953. முதலாயிரத்தின் பாசுரங்கள் 947. இரண்டும் பகா எண்கள். இடையில் வேறு பகா எண் இல்லாமல் அடுத்தடுத்து நிற்பவை. ஆயிரத்திற்கு ஒன்றில் 47ம் மற்றதில் 53ம் குறைய, அக்குறைவுகள் கூடி நூறாகின்றன. நம்மாழ்வாரின் நான்கு நூல்களின் தொகை 1296; அது 36இன் வர்க்கம்.

இவ்வொற்றுமைகளுக்குப் பொருள் கற்பிக்க இடமில்லை. திருவரங்கப் பாசுரங்களைப் பாடியோர் எழுத்துத் தொகையை நோக்கிப் பாடினர் என்பதற்கு நூலகச் சான்றும் இல்லை. எண்ணும் மரபில் அதற்கான அலகு மாற்றமும் இல்லை. மண்டபத் தூண்கள் பகா எண்ணாக இருப்பதிலிருந்து பெறத்தக்க முடிவு ஒன்றே: அவை வரிசைதோறும் சமமாக நிற்கும் குறைவற்ற செவ்வகக் கட்டமாக அமைதல் இயலாது. அது கட்டடம் பற்றிய செய்தி, மறைபொருள் அன்று.

ஆயின், 226 என்னும் ஒற்றுமை மட்டும் எவ்வாறு வேறுபடுகிறது? மூன்று காரணங்கள் உள. முதலாவது, இரு கணக்குகளையும் மரபே எண்களோடு கூறுகிறது. ஆய்வாளர் தேடிப் பொருத்தியவை அல்ல. இரண்டாவது, இரண்டும் ஒரே பெயரை நிறைவேற்றும் நோக்கமுடையவை. மூன்றாவது, அரைக் கண்ணியை ஏற்றல், சீரற்ற பாட்டுப் பகுப்பை ஏற்றல் என ஒவ்வொன்றிலும் தேர்வின் சுவடு தெரிகிறது. நோக்கமும் கூற்றும் தேர்வும் ஒருங்கே அமைந்த இடத்தில் எண்ணை ஆய்வுச் சான்றாகக் கொள்ளலாம். அவை இல்லாத இடத்தில் எண் வெறும் எண்ணே.

8. இன்றைய ஆய்விற்குரிய விளைவுகள்

அலகு பற்றிய இச்செய்தி இன்றைய ஆய்வு நடைமுறையில் இருவகையில் தாக்கம் செலுத்துகிறது.

முதலாவது, ஒப்பீட்டுப் புள்ளிகள். ஆழ்வார்களுள் மிகுதியாகப் பாடியவர் யார் என்னும் வினாவிற்கு விடை அலகைப் பொறுத்தே அமைகிறது. திருவாய்மொழி, திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி ஆகியவற்றைப் பாடிய நம்மாழ்வாரின் தொகை எக்கணக்கிலும் 1296. திருமங்கையாழ்வாரின் தொகை, மடல்களை ஒவ்வொரு பாட்டாக எண்ணினால் 1137. 40, 78 என எண்ணினால் 1253. கண்ணிகளாக எண்ணினால் 1361. முதல் இரு கணக்குகளில் நம்மாழ்வார் முதலிடம் பெறுகிறார். மூன்றாவதில் திருமங்கையாழ்வார் முதலிடம் பெறுகிறார். அலகைக் குறிக்காத புள்ளிவிவரம் இங்குச் செய்தியாகாது.

இரண்டாவது, மேற்கோள் முறை. பாசுரத்தைத் தொடரெண்ணால் மட்டும் சுட்டும் வழக்கம் அட்டவணைகளிலும் கணினித் தொகுப்புகளிலும் பரவலாக உள்ளது. மடல்களை ஒவ்வொரு பாட்டாகக் கொண்டு தொடரெண் இட்டால் திருவாய்மொழியின் முதற் பாசுரம் 2675 ஆகும். மடல்களை 118 பாட்டாக்கி, நூற்றந்தாதியை இறுதியில் வைத்தால் அது 2791. நூற்றந்தாதியைத் திருவாய்மொழிக்கு முன் வைத்தால் 2899. இதன் விளைவு சிறிதன்று. ‘2800ஆம் பாசுரம்’ என்னும் குறிப்பு முதல் முறையில் திருவாய்மொழி இரண்டாம் பத்து, இரண்டாம் திருவாய்மொழியின் ஐந்தாம் பாசுரத்தைச் சுட்டும். இரண்டாம் முறையில் அது முதற் பத்தின் முதல் திருவாய்மொழியில் பத்தாம் பாசுரம். மூன்றாம் முறையில் அது நம்மாழ்வார் பாசுரமே அன்று; அமுதனாரின் நூற்றந்தாதியில் பத்தாம் பாடல். கண்ணிகளை வரிசையாக எண்ணிச் சென்றாலோ, பெரிய திருமடலின் ஐம்பதாம் கண்ணியின் பின்பாதியும் ஐம்பத்தோராம் கண்ணியின் முன்பாதியும் அவ்வெண்ணுக்குரியனவாகும்.

இறுதியாகக் கூறிய நிலை எண்ணியல் அடிப்படையில் கருதத்தக்கது. எத்தனை என வினவும் தொகையெண்ணில் அரைக்கு இடமுண்டு. இரண்டு அரைகள் கூடி ஒன்றாகும். எத்தனையாவது என வினவும் வரிசையெண்ணில் அரைக்கு இடமில்லை. கண்ணிக் கணக்கு நாலாயிரத்தின் தொகையை நிறுவப் போதுமானது. ஆனால், அதனைக் கொண்டு பாசுரங்களுக்குத் தொடரெண் இடுதல் பொருந்தாது. தொகை கூறுவதற்கென எழுந்த ஒரு கணக்கை முகவரி கூறுவதற்குப் பயன்படுத்தும்போதே மயக்கம் தோன்றுகிறது. ஆகவே, நூற்பெயர், பத்து, திருமொழி அல்லது திருவாய்மொழி, பாசுரம் என்னும் உள்வரிசையால் சுட்டுவதும், மடல்களை அடி எண்ணால் சுட்டுவதும் எல்லாப் பதிப்புகளுக்கும் பொருந்தும் முறையாகும். தொடரெண் தேவைப்படும் இடத்தில், மடல்கள் எவ்வாறு எண்ணப்பட்டன, நூற்றந்தாதி எங்கு வைக்கப்பட்டது என்னும் இரு செய்திகளையும் உடன் தருதல் வேண்டும்.

9. முடிவுரை

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் 3774 பாசுரங்கள் எண்ணிக்கையில் ஐயமின்றி நிற்கின்றன. எஞ்சிய 226 இடங்களை மரபு இரு வேறு முறைகளில் நிரப்புகிறது. ஒன்று, மடல்களை 118 பாட்டாக்கி, நூற்றந்தாதியின் 108ஐச் சேர்க்கிறது. மற்றொன்று, மடல்களின் 452 அடிகளைக் கண்ணிகளாக்கி, நூற்றந்தாதியைப் புறத்தே நிறுத்துகிறது. ஒரு கணக்கு சீரற்ற பகுப்பாலும் மற்றொன்று அரைக் கண்ணிகளாலும் துல்லியம் பெறுகின்றன. எனவே, 4000 என்பது எண்ணி முடித்தபின் கிடைத்த விளைவு மட்டுமன்று. எண்ணுதலை வழிநடத்திய வரம்புமாகும்.

நான்கு ஆயிரங்களிலும் ஆயிரங்கால் மண்டபத்திலும் பெயரெண்ணாகவே இருக்க இசைந்த மரபு, முழுத் தொகுப்பின் எல்லையில் மட்டும் கணக்கெண்ணை வற்புறுத்தியது. எது உள்ளே, எது வெளியே என்னும் வினா எழும் இடம் அதுவே. அவ்வெல்லையில் நின்ற நூல் திருவரங்கத்திலேயே பிறந்த இராமானுச நூற்றந்தாதி. பெயரால் நூறும் தொகையால் நூற்றெட்டும் ஆகிய அந்நூலை, ஒரு கணக்கு நாலாயிரத்தின் உறுப்பாக்கியது; மற்றொரு கணக்கு அதற்குத் துணையாக்கியது. இரண்டிலும் அது ஓதப்படாமல் விடப்படவில்லை. பாசுரத் தொகையைக் குறிப்பிடும் ஆய்வாளர், எண்ணோடு அதன் அலகையும் குறிப்பிடுவது இம்மரபின் நுட்பத்திற்குச் செய்யும் நீதியாகும்.